பெட்டியிலுள்ள அந்துருண்டை

பிறக்கும் மகவுக்கென்று பழைய பருத்திச் சேலைகளைத் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்தல் எம்மூராகிய காரிமங்கலத்தில் வழக்கம். பூச்சி அரியாதிருக்க அந்துருண்டை இடுவாரும் உளர். அதன் நெடி எல்லார்க்கும் தீங்கன்று. சில மகவுகட்கோ நஞ்சாம்.

சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்னும் நொதி அவர்க்குப் பிறவியிலேயே குறைவு. மலேரியா மருந்தாகிய பிரைமாகுயின் சிலர் குருதியைச் சிதைத்த காரணத்தை ஆராய்ந்த சிகாகோ அறிஞர், 1956இல் இக்குறையை வெளியிட்டனர். உலகில் ஏறத்தாழ 40 கோடி மக்கட்கு இஃது உண்டென மதிப்பிடுவர். அந்துருண்டையின் நாப்தலீன் ஏறிய துணியால் அத்தகைய சிசுவின் சிவப்பணுக்கள் சிதையலாம். காமாலை முற்றினால் மூளையும் கெடும்.

இக்குறை பெரிதும் தாய்வழியே ஆண்மகவைச் சேர்வதாகலின், பழி அவள்மேல் விழுதல் எளிது. பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவமென வினவிய சீடர்க்கு, அவனுமல்லன், அவன் பெற்றோருமல்லர் என்று நம் ஆண்டவர் விடுத்த மறுமொழி ஈண்டும் பொருந்தும். பெற்றோர்க்கு வேண்டுவது நாணமன்று, அறிவே. சிசுவின் குதிகாலிற் குத்தியெடுக்கும் சில துளிக் குருதி இதனை உணர்த்தும். உணர்ந்தபின் அந்துருண்டையை விலக்குதலும், எம்மருந்துக்கும் முன்னர் மருத்துவரிடம் இதனைக் கூறுதலுமே காவலாம். விடுமுறையில் ஊர் செல்லும் நம் மாணவர் இதனைத் தாய்மார்க்கு எடுத்துரைப்பாராக, தந்தையர்க்கும் உரைப்பாராக.