மழை விடட்டும், கண்ணு

அருவங்காடு குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையின் கடைசி வீட்டுத் திண்ணை, லாரித் தாத்தாவின் ராஜ்ஜியம். இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் ராணுவத்துக்கு அரிசியும் பெட்ரோலும் ஏற்றிப்போன லாரி டிரைவர் அவர். அவருடைய மகனும் என் அப்பாவும் கார்டைட் வெடிமருந்து பேக்டரியில் ஒரே ஷிப்ட். சாயங்காலம் ரேடியோவில் டெல்லிச் செய்தி முடிந்ததும் வரிசையில் உள்ள பொடிசுகள் எல்லாம் அந்தத் திண்ணையில் ஏறிவிடுவோம். 1971-ல் எனக்குப் பத்து வயது.

அந்த வருஷம் மார்ச் 25 இரவு கிழக்குப் பாகிஸ்தானின் டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் சொந்த ஜனங்களையே சுட ஆரம்பித்ததிலிருந்து செய்தியில் அதே பேச்சுதான். எல்லை தாண்டி வந்த அகதிகளின் கணக்கு லட்சம் லட்சமாக ஏறிக் கடைசியில் ஒரு கோடியை நெருங்கியது. நவம்பரில் அம்மா ஊருக்கு எழுதும் கவரில் அகதிகள் நிவாரணத்துக்கென்று 5 பைசா தபால்தலை ஒன்றைச் சேர்த்து ஒட்ட வேண்டி வந்தது. அதை எச்சில் தொட்டு ஒட்டுவது என் வேலை.

நம் பட்டாளம் ஏன் இன்னும் போகவில்லை? எங்களுக்கு அது ஆறவே இல்லை. பக்கத்தில் வெலிங்டன் பேரக்ஸில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் ரெக்ரூட்டுகள் விடியலில் ஓடுவதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதானே!

அந்த ஜூனில் ஒரு நாள் தாத்தா ஒரு சாக்பீஸை எடுத்துத் திண்ணையில் கோடு கோடாகக் கிழித்தார். "இது பத்மா. இது ஜமுனா. இது மேக்னா. இதுக்கு நடுவுல இருக்கறதுதான் நாடு. இப்ப ஜூன் மாசம். அங்க லாரிய ரோட்ட விட்டு எறக்குனா அப்புறம் அத மறந்துட வேண்டியதுதான். மழை விடட்டும், கண்ணு."

பர்மா மழையில் அச்சு வரை புதைந்த லாரியை எடுக்க மூங்கிலை வெட்டி வெட்டிச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்த கதையைச் சொல்வார். முன்னால் போன கம்பெனி மூன்று நாள் அரைப் பட்டினி கிடந்ததாம். சொல்லும்போது கை தானாகக் கியரைத் தேடும். பிறகு வடக்கே ஒரு கோடு. அது இமயமலை. "மார்கழியில இதெல்லாம் பனி மூடிரும். சீனாக்காரன் நெனச்சாலும் எறங்க முடியாது. தளபதி அதுக்கும்தான் காத்திருக்கறாரு."

தளபதி என்று அவர் சொன்னது அப்போதைய ராணுவத் தலைமைத் தளபதி சாம் மானெக்‌ஷாவை. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அந்த மீசை புதிதல்ல. வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜுக்குத் தலைவராக இருந்தவர். அங்கிருந்தபோதுதான் தேசப்பற்று இல்லாதவர் என்று பழி சுமத்தி விசாரணை வைத்தார்கள். குற்றமற்றவர் என்று வெளியே வந்தார். 1962-ல் சீனப் போரில் துவண்டு கிடந்த நான்காவது கோரை அவரிடம் ஒப்படைத்தபோது, எழுத்து மூலமான உத்தரவு இல்லாமல் யாரும் பின்வாங்கக் கூடாது, அப்படி ஓர் உத்தரவு வரவே வராது என்று சொல்லிவிட்டாராம். இதைச் சொல்லிவிட்டுத் தாத்தா எங்கள் முகங்களை ஒரு சுற்றுப் பார்ப்பார். 1942-ல் பர்மாவின் சிட்டாங் ஆற்றங்கரையில் வயிற்றில் குண்டுகள் வாங்கியும் பிழைத்து வந்தவர் என்பதும் அவர் வாயால் கேட்டதுதான்.

வளர்ந்த பிறகு, 1971 ஏப்ரலில் பிரதமருடன் நடந்த கூட்டத்தைப் பற்றி மானெக்‌ஷா பின்னாளில் சொன்னவற்றைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பாதிக்கு மேல் திண்ணையில் கேட்ட பேச்சு! பருவமழை வந்தால் ஆறெல்லாம் கடலாகிவிடும், கணவாய்கள் திறந்திருக்கின்றன, படைகள் எங்கெங்கோ சிதறிக் கிடக்கின்றன, ஓடும் நிலையில் இருக்கும் டாங்குகள் கொஞ்சம்தான், கோதுமை அறுவடை நேரத்தில் ரயில் வேகன்களை எல்லாம் எனக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று பிரதமர் இந்திரா காந்தியிடம் நேருக்கு நேர் அடுக்கியிருக்கிறார். வேண்டுமானால் ராஜினாமா தருகிறேன் என்றும் சொன்னாராம். அந்தக் கூட்டத்தில் பிரதமர் உண்மையிலேயே உடனடிப் போரைக் கேட்டாரா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அது எப்படியானாலும், தேசமே அவசரப்பட்ட நேரத்தில் முடியாது என்பதைக் காரணத்தோடு சொல்லி, கிடைத்த ஏழெட்டு மாதங்களை ஒரு நாள் வீணாக்காமல் பயன்படுத்திக்கொண்டவர் அவர். டிசம்பரில் வந்த வெற்றியின் பெரும்பகுதி அந்த மாதங்களிலேயே உருவானது என்றே நினைக்கிறேன். ஆனாலும், டாக்காவைப் பிடிப்பதுதான் முதல் குறியா என்பதில் அவருக்கும் கிழக்குப் பிராந்தியத் தலைமையகத்துக்கும் உரசல் இருந்தது. ஹெலிகாப்டரில் படையை ஏற்றி மேக்னாவைத் தாண்டியது களத்திலிருந்த தளபதி சகத் சிங்கின் துணிச்சல். எல்லாப் புகழையும் ஒருவர் கணக்கில் எழுதிவிட முடியாது.

டிசம்பர் 3 சாயங்காலம் மேற்கே நம் விமான தளங்களில் குண்டு விழுந்தது. அன்றிலிருந்து அப்பா ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்ததையும் பார்த்துவிட்டு வருவார். சட்டையில் அசிட்டோன் வாடை குப்பென்று அடிக்கும். சாப்பிட உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். இரவெல்லாம் ரேடியோதான். சரணடைந்தால் ஜெனீவா ஒப்பந்தப்படி கௌரவமாக நடத்துவோம் என்று மானெக்‌ஷா எதிரிச் சிப்பாய்களுக்கு வானொலியில் வாக்குக் கொடுத்த செய்தி வந்தபோது, பெரியவர்கள் சிலருக்குப் பிடிக்கவில்லை. எதிரியிடம் எதற்கு நயந்த பேச்சு என்றார்கள். "அந்தப் பேச்சாலயே பாதி சண்டை மிச்சம்" என்றார் தாத்தா.

16-ஆம் தேதி டாக்கா ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் பாகிஸ்தான் தளபதி நியாசி சரணடைவுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். வாங்கிக்கொண்டவர் கிழக்குப் பிராந்தியத் தளபதி அரோரா. களத்தில் நடத்தியவருக்கே அந்த மரியாதை என்று மானெக்‌ஷா டெல்லியிலேயே இருந்துவிட்டார். எங்கள் வரிசை முழுக்கப் பட்டாசு. கைதிகளின் எண்ணிக்கை அடுத்தடுத்த நாட்களில் ஏறிச் சுமார் 93,000 என்று நின்றது. நாங்கள் கைதட்டினோம். தாத்தா சாக்பீஸை எடுத்துத் திண்ணையில் பெருக்கல் போட ஆரம்பித்தார்.

"என்ன தாத்தா கணக்கு?"

"வாக்குக் குடுத்துட்டாரே கண்ணு! தெனம் ரெண்டு வேளை ரொட்டின்னா எத்தன மூட்டை மாவு, எத்தன வேகன்? நாளைக்கே கெளம்பியாகணும். பாவம், எந்த டிரைவர் மாட்டுனானோ."