சோகைக் கீறல் தெரிந்த வாத்தியார்

ரிஷிவந்தியம்

அன்புள்ள செல்விக்கு,

தியாகதுருகத்தில் பஸ் மாறி நேற்று மதியம் இங்கே வந்து சேர்ந்தேன். சாயங்காலம் அர்த்தநாரீஸ்வரர் கோயில். லிங்கத்துக்குத் தேன் அபிஷேகம் செய்யும்போது அம்மையப்பன் உருவம் தெரியும் என்பார்கள். கூட்டத்தோடு நானும் எட்டி எட்டிப் பார்த்தேன். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். "எங்க வீட்ல பள்ளிக்கூடம் போனதே நான்தான் முதல் ஆளு, நான் போய்ப் பாடம் நடத்தறதா?" என்று போனில் மலைத்தாயே, அதைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இங்கே ஓர் ஆசிரியரோடு பழக்கம் ஏற்பட்டது. தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியர். அப்பா, அம்மா இருவரும் கரும்பு வெட்டப் போனவர்கள். மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் என்று இந்தப் பக்கம் இரண்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள். அரவை தொடங்கிவிட்டால் கூலிக் குடும்பங்களுக்கு விடிவதும் அடைவதும் கரும்புக் கொல்லையில்தான். லீவு நாளில் கரும்புச் சோகை உரித்த காசில் நோட்டு வாங்கிப் படித்தவர் இவர். பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டு வருஷம் ஆசிரியர் பயிற்சி. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்தார். அப்போதெல்லாம் பதிவு மூப்புதான். காத்திருந்த காலத்தில் ரைஸ் மில்லில் கணக்கு எழுதினார்.

முதல் வேலை கல்வராயன் மலையில் கிடைத்தது. 1976 வரை மூன்று ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. வெள்ளிமலைப் பக்கம் இன்று பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருந்தாலும், பெற்றவர்கள் வெளியூருக்குக் கூலி வேலைக்குக் கிளம்பினால் பிள்ளைகளும் கூடவே போய்விடுகிறார்கள். "பேர அடிக்க மனசு வராதுங்க. திரும்பி வந்ததும் விட்ட எடத்துலேர்ந்து ஆரம்பிப்போம்" என்றார்.

இன்று காலை அவர் வகுப்பில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் வீட்டுப்பாடம் எழுதவில்லை. நோட்டை நீட்டிய கையில் முழங்கை வரை மெல்லிய கோடு கோடாகக் கீறல்கள். அதட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சோகை உரிக்கப் போனியாடா?" என்றார். பையன் தலையாட்டினான். "எண்ணெ தடவுனியா? எரியுமே." பக்கத்தில் உட்காரவைத்து, விட்டுப்போன கணக்கை அங்கேயே போடவைத்தார். அந்தக் கீறலைப் படிக்க அவருக்கு எந்தப் பயிற்சி நிறுவனமும் சொல்லிக்கொடுக்கவில்லை செல்வி. அவர் கையிலும் அது இருந்திருக்கிறது.

இவரைப் போல இன்னொருவரும் உண்டு. கல்வராயன் மலைக்கு அந்தப் பக்க அடிவாரம் ஆத்தூர். அங்கே அரசு கலைக் கல்லூரியில் பாடம் நடத்தியவர் எழுத்தாளர் பெருமாள்முருகன். 1966இல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா சினிமாக் கொட்டகையில் சோடாக் கடை வைத்திருந்தார். அந்தப் பிள்ளைதான் தமிழ் படித்து, ஆர். சண்முகசுந்தரம் நாவல்களில் முனைவர் பட்டம் வாங்கி, பேராசிரியராகி, பிறகு கல்லூரி முதல்வராகவும் ஆனார். மாணவர்களைப் பற்றி அவர் எழுதியதைப் படித்துப் பார். கட்டடக் கூலிக்குப் போய்க்கொண்டே படிக்கிறவனையும் பஸ் காசுக்குத் தவிக்கிறவனையும் அவருக்குச் சட்டென்று அடையாளம் தெரியும்.

நம் ஆசிரியருக்கு இப்போது ஒரே கவலை ஆசிரியர் தகுதித் தேர்வு. 2012இல் தமிழ்நாட்டில் முதல் தடவை அது நடந்தபோது ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். தேறியவர்கள் மூவாயிரத்தைத் தொடவில்லை. அதற்கு முன்பே வேலைக்கு வந்துவிட்டவர் இவர். ஆனால் 2025 செப்டம்பர் 1 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு வருஷத்துக்குள் தேற வேண்டும் என்கிறது. புதிதாக வருகிறவர்களுக்குத் தேர்வு வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. இத்தனை காலம் வகுப்பில் நின்றவரை 150 மதிப்பெண் தாளில் நிறுத்தி, தேறாவிட்டால் வேலை இல்லை என்பது எனக்கு ஆறவில்லை. அவர் புலம்பவில்லை. பிள்ளைகள் போன பிறகு அதே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறார்.

குழந்தை மேம்பாடு பகுதிதான் பிடிபடவில்லையாம். பியாஜே, வைகாட்ஸ்கி கோட்பாடுகளையெல்லாம் நீ தமிழில் எழுதி வைத்திருக்கிறாயே, அந்த நோட்டை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பு. அடுத்த தடவை நான் வரும்போது நீயும் கிளம்பு; ஒரு நாள் அவர் வகுப்பில் உட்கார்ந்து பார்.

அன்புடன்,
உன் தோழி