டம் டம் பாறையில் கைபிடித்தவருக்கு

அன்புள்ள டிரைவர் அண்ணனுக்கு,

நீங்கள் போய்ப் பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. உங்கள் போனுக்கு இன்னமும் வெளியூரிலிருந்து அழைப்பு வருகிறதாம். "அண்ணன் இருக்காரா?" என்று கேட்கும் பையன்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் அண்ணி போனை மகனிடம் கொடுத்துவிடுகிறார். அந்தப் பையன்களில் சிலரை நீங்கள்தான் கொடைக்கானல் மலையிலிருந்து உயிரோடு இறக்கிக் கொண்டுவந்தீர்கள் என்பது வத்தலக்குண்டில் நிறையப் பேருக்குத் தெரியாது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் எனக்குத் தெரியும். அதனால் எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

மழைக்குப் பிறகு வட்டக்கானல், பூம்பாறை, மன்னவனூர் என்று போதைக் காளான் தேடி அலையும் பிள்ளைகளைப் பற்றி நம் ஊரில் இரண்டு பேச்சுதான். "கெட்டுப்போனதுக, சாகட்டும்" என்பது ஒன்று. "மண்ணுல மொளைக்கிறதுதானே, ஒண்ணும் செய்யாது" என்பது விற்கிறவன் பேச்சு. இந்த இரண்டையும் உங்கள் வாயில் நான் கேட்டதில்லை.

எலிவால் அருவியைப் பார்க்க டம் டம் பாறையில் வண்டியை நிறுத்தியபோது, ஒரு பையன் தடுப்புச் சுவரில் ஏறி நின்றுவிட்டான். எதிரே இருந்த பள்ளம் அவன் கண்ணுக்குப் பள்ளமாகவே தெரியவில்லை. கூட வந்தவர்கள் கத்திக் கூப்பாடு போட்டார்கள். அவர்களை அடக்கிவிட்டு, ஊர் எது, அப்பா என்ன செய்கிறார் என்று பேச்சுக் கொடுத்தபடியே போய் இடுப்போடு பிடித்து இறக்கினீர்கள். பின்சீட்டில் படுக்க வைத்து, பாட்டை நிறுத்தி, வெயில் கண்ணில் படாமல் துண்டை ஜன்னலில் செருகி, அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். "தம்பி, இது நீ தின்ன காளான் செய்யுற வேல. எறங்கிரும். நான் இங்கனதான் இருக்கேன்." பொழுது சாயும்வரை இதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னீர்களாம். பிறகு கடைக்கு வந்து அழுதுகொண்டே அவனே சொன்னான்.

அண்ணே, பெரிய ஆய்வுக்கூடங்களில் செய்வதும் இதைத்தான். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் கிரிஃபித்ஸ் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வில் 36 பேருக்கு, இந்தக் காளானில் இருக்கும் சைலோசைபினைக் கொடுத்துப் பார்த்தார்கள். மனநோய்ப் பின்னணி உள்ளவர்களை முன்பே விலக்கினார்கள். மருந்து அளந்தது, அறை அமைதியானது, 8 மணி நேரமும் பழகிய ஆள் ஒருவர் பக்கத்தில். மெக்சிகோவின் மசாடெக் மக்களிடமும் அப்படித்தான். இரவு முழுக்க மூத்தவர் ஒருவர் கூட இருப்பார். மரியா சபீனா அப்படிப்பட்ட ஒரு மூதாட்டி. 1957இல் அவருடைய சடங்கைப் பற்றி அமெரிக்கப் பத்திரிகையில் கட்டுரை வந்த பிறகு, கூட்டம் கூட்டமாக ஆட்கள் போய் அவர் ஊரின் நிம்மதியையே கெடுத்துவிட்டார்கள்.

நம் மலையில் பேப்பரில் மடித்துக் கொடுப்பதற்கு அளவு ஏது? கூட இருக்க ஆள் ஏது? அதைப் பத்திரமாகத் தின்ன ஒரு வழி இருக்கிறது என்று நான் எழுத மாட்டேன். குடும்பத்தில் மனச்சிதைவு நோய் உள்ளவர்களும் லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அதன் பக்கமே போகக் கூடாது. லித்தியத்தோடு சேர்ந்தால் வலிப்பு வரலாம்.

தின்றுவிட்டு வந்தவர்களிடம் நீங்கள் திட்டாமல் கேட்டது மூன்றே கேள்வி: "என்னத்தத் தின்ன? எப்பத் தின்ன? எம்புட்டு?" அந்த 'எப்ப'தான் உயிரைக் காப்பாற்றும். போதைக் காளான் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டிவிடும். அதைப் போலவே பழுப்பாக, பொடியாக இருக்கும் நச்சுக் காளான்களும் உண்டு. அவற்றின் வாந்தியும் பேதியும் தொடங்கவே 6 முதல் 12 மணி நேரம் வரை ஆகலாம். பிறகு ஒரு நாள் எல்லாம் சரியாகிவிட்டது போலத் தோன்றும். உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டே இருக்கும். இதை நான் ஒருமுறை சொன்னேன், நீங்கள் மறக்கவேயில்லை. வாந்தி நின்றுவிட்டது, மதுரையில் ரயில் ஏறப்போகிறோம் என்று அடம்பிடித்த பிள்ளைகளை நேரே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்கள். மிச்சமிருந்த காளானைக் காகிதத்தில் பொதிந்து டாக்டர் கையில் கொடுத்தீர்கள்.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி சைலோசைபின் தடை செய்யப்பட்ட பொருள். அந்தப் பயத்தில்தான் பிள்ளைகள் டாக்டரிடம் "பிரியாணி சேரல" என்று மழுப்புகிறார்கள். "கேச நாளைக்குப் பாத்துக்கலாம், இப்ப உண்மையச் சொல்லு" என்று நீங்கள் பக்கத்தில் நின்றதால்தான் அவர்களுக்கு வாய் திறந்தது.

ஸ்டாண்டில் உள்ள இளவட்ட டிரைவர்கள் அந்த மூன்று கேள்விகளையும் எழுதித் தரச் சொன்னார்கள். அட்டையில் எழுதி, ஆம்புலன்சுக்கு 108, மனநல உதவிக்கு 14416 என்று கீழே போட்டுக் கொடுத்திருக்கிறேன். உங்கள் மகனும் இரண்டு வாங்கிப் போனான்.

அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் சார்பில் நன்றி, அண்ணே. அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நீங்கள் யாரென்றே தெரியாது.

இப்படிக்கு,
மெடிக்கல் ஷாப் தம்பி,
வத்தலக்குண்டு