ராஜகிரியும் ஒரு ஜோடி கம்பளி ஸாக்ஸும்

திண்டிவனத்தில் திருவண்ணாமலை பஸ் பிடித்து ஜன்னல் ஸீட்டில் உட்காருங்கள். கொஞ்ச நேரத்தில், யாரோ லாரி லாரியாகப் பாறையைக் கொட்டிவிட்டு அடுக்க மறந்து போன மாதிரி குன்றுகள் வரும். குன்றுகளின் தலையில் மதில் தெரிந்தால் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடலாம். செஞ்சி!

இந்த ஊரில் எனக்குப் பெரியப்பா வீடு இருக்கிறது. தங்க இடம், சாப்பாடு இரண்டும் இலவசம். பி.காம். படித்தவன் வேறு எப்படி ஊர் சுற்றுவான்?

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள். மூன்றையும் வளைத்துக் கோட்டை மதில். ராஜகிரி மட்டும் சுமார் 800 அடி. 1649-ல் பிஜப்பூர்க்காரர்கள், 1677-ல் சிவாஜி, 1698-ல் மொகலாயர், 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் இங்கிலீஷ்காரர் என்று, வீடு காலியானதும் அடுத்த குடித்தனம் வருகிற மாதிரி வந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். நடுவில் 1714-ல் சண்டையில் உயிரை விட்ட ராஜா தேசிங்கு மட்டும் இன்னும் கூத்திலும் பாட்டிலும் குடியிருக்கிறார். 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில். பன்னிரண்டாவது நம்ம செஞ்சி.

நான் போனது சித்திரை மாதம். கோட்டைக்கு முன்னால் சிங்கவரம் ரங்கநாதரைப் பார்த்துவிடலாம் என்றார் பெரியப்பா. செஞ்சிக்கு வடக்கே சில கிலோமீட்டரில், பாறையைக் குடைந்த கோயிலில் பள்ளிகொண்ட பெருமாள். தேசிங்கு சண்டைக்குக் கிளம்பும்போது, 'வேண்டாம்' என்று பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டதாக ஊரில் கதை. மேலே போகப் படி ஏற வேண்டும், அதுவும் செருப்பில்லாமல். வெயிலில் காய்ந்த கல் எப்படி இருக்கும் என்று தோசைக்கல்லிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரியப்பாவுக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. பாதம் மரத்துவிட்டது. போன வருஷம் வேறொரு கோயில் பிராகாரத்தில் பகல் வேளையில் சாவகாசமாக வலம் வந்திருக்கிறார். சூடே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளங்கால் பூராக் கொப்புளம். ஆறுவதற்கு மூன்று மாதம். ஒரு விரலை எடுக்கும்படி ஆகிவிடுமோ என்று பயந்து, கடைசியில் தப்பித்தார். அன்றிலிருந்து கோயிலுக்குப் போனால் காலில் கம்பளி ஸாக்ஸ். ஊட்டியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். அந்த ஊர்ச் சரக்கு வீட்டில் நிறைய உண்டு.

எடுத்துப் பார்த்தால், ஒரு ஸாக்ஸின் குதிகாலில் எட்டணா அளவுக்கு ஓட்டை.

பெரியம்மா அலட்டிக்கொள்ளவில்லை. வழவழவென்று தேய்த்த கொட்டாங்கச்சி ஒன்றை ஸாக்ஸுக்குள் நுழைத்தார். அதன் முதுகில் ஓட்டை விரிந்து நின்றது. வெள்ளைக்காரர்கள் இதற்கென்றே காளான் வடிவத்தில் மரக்கட்டை வைத்திருப்பார்கள். நமக்குத் தேங்காய் இருக்கிறது.

"ரெண்டு பக்கத்தையும் சேர்த்து இழுத்துத் தைச்சா முடிஞ்சுது. இதுக்கு எதுக்கு பெரியம்மா இவ்வளவு?"

"இழுத்துத் தைச்சா அது சாக்கு மூட்டைப்பா. நடக்கச்சொல்ல உள்ளாற குத்தும்."

ஓட்டையிலிருந்து அரை அங்குலம் தள்ளி, நல்ல பின்னலில் ஊசியை ஏற்றினார். முடிச்சுப் போடவில்லை, நூல் நுனியைச் சும்மா தொங்கவிட்டார். மேலும் கீழுமாக, ஓட்டையைத் தாண்டித் தாண்டி, பக்கத்தில் பக்கத்தில் நூல் ஓடியது. நெசவில் இதற்குப் பாவு என்று பெயர். திரும்புகிற இடத்தில் எல்லாம் துளி வளையம். "கம்பளி தண்ணி பட்டா சுருங்கும். அதுக்கு எடம் வுடணும்." அப்புறம் குறுக்கே ஊடை. ஒரு நூலுக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே. அடுத்த வரிசையில் அதையே மாற்றி. கயிற்றுக் கட்டில் பின்னுகிற அதே கணக்கு! முக்கால் மணி நேரத்தில் ஓட்டை இருந்த இடத்தில் ஒரு குட்டித் துணியே முளைத்துவிட்டது. நுனிகளைப் பின்னலுக்குள் ஒளித்து, மிச்சத்தை வெட்டினார்.

வடக்கே இந்த மாதிரி இழையோட்டுகிற வேலைக்கு ரஃபூ என்று பெயர். உத்தரப் பிரதேசத்தில் நஜிபாபாத் ஊர்க்காரர்கள் இதில் மன்னர்கள். பழைய காஷ்மீர் சால்வையில் அவர்கள் கை வைத்த இடத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டம். இரண்டாம் உலகப் போரில் துணிக்கு ரேஷன் வந்தபோது, கிழிந்ததைத் தைத்து உடுத்துங்கள் என்று பிரிட்டிஷ் அரசாங்கமே 1943-ல் புத்தகம் போட்டது. பிறகு நைலான் கலந்த ஸாக்ஸ் வந்தது. சீக்கிரம் ஓட்டை விழவில்லை. விழுந்தாலும் பிளாட்பாரத்தில் புதுசு மலிவு. முக்கால் மணி நேரக் கூலியைக் கணக்கெழுதினால் பெரியம்மாவின் தொழில் நஷ்டத்தில்தான் நிற்கும்.

"இந்தாப்பா, நீ போட்டுக்கோ" என்று ஸாக்ஸை என்னிடம் நீட்டினார்.

"பெரியப்பாவுக்கு இல்லியா?"

டாக்டர் உத்தரவாம். மரத்த காலுக்கு ஓட்டை ஸாக்ஸும் கூடாது, தைத்த ஸாக்ஸும் கூடாது. உள்ளே சின்ன மேடு உறுத்தினாலும் புண் வரும், வந்தது தெரியாது. அதனால் அவருக்கு உள்ளே தையல் உறுத்தாத புது ஜோடி.

பெரியம்மா கொட்டாங்கச்சியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஊட்டியில முப்பது வருஷம் நான் தைச்சதைத்தான் போட்டுக்கினு இருந்தாரு. குத்துச்சுன்னா சொல்லுவாரு, பிரிச்சுட்டு மறுபடி தைப்பேன். இப்ப குத்துதா இல்லியான்னு அவரு காலுக்கே தெரியல. நான் எதை வெச்சுத் தைக்கறது?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பெரியப்பா பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

சிங்கவரத்துக்கு மாலையில், கல் ஆறிய பிறகுதான் போனோம். தைத்த இடம் எங்கே என்று என் குதிகால் தேடிக்கொண்டே படியேறியது. கடைசி வரை அகப்படவில்லை.

மறுநாள் விடிகாலை கோட்டை. பெரியப்பா அடிவாரத்தோடு சரி. வெங்கடரமணர் கோயிலில் பழைய தூண்கள் சில இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துக்கொண்டு போனதாகச் சொல்கிறார்கள். அந்தத் தூண்கள் இன்று புதுச்சேரி கடற்கரையில், காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன. ஓட்டை செஞ்சியில், அதற்கு உரிய இழை புதுச்சேரியில்! இதை எந்தப் பெரியம்மாவாலும் தைக்க முடியாது. ராஜகிரி உச்சியில் காற்று வாங்கிவிட்டு, குரங்குகளிடமிருந்து பிஸ்கட்டைக் காப்பாற்றிக்கொண்டு இறங்கினேன்.

அன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பெரியப்பா நாற்காலியில் காலை நீட்டினார். பெரியம்மா டார்ச் லைட்டோடு தரையில் உட்கார்ந்து, விரல் இடுக்கு, குதிகால், உள்ளங்கால் என்று ஒரு இடம் விடாமல் பார்த்தார். கொப்புளம் ஆறிய நாளிலிருந்து தினமும் இப்படித்தானாம்.

"ஸாக்ஸுலயும் அப்படித்தான். ஓட்டை வுழறதுக்கு முன்னாடி அந்த எடம் மெலிசாவும். அப்பவே பாத்துட்டா வேலை மிச்சம்" என்றார், தலையைத் தூக்காமல்.

செஞ்சிக்குப் போகிறவர்கள் கார்த்திகையிலிருந்து மாசிக்குள் போங்கள்; தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சர்க்கரைக்காரர் யாராவது இருந்தால், அவர் பாதத்தைப் பார்க்க மட்டும் கார்த்திகை வரை காத்திருக்க வேண்டாம். இன்று ராத்திரியே டார்ச்சை எடுங்கள். கரண்ட் போகிற நேரமாக இருந்தால், அது எப்படியும் கையில்தான் இருக்கும்!