பிள்ளையின் பெயரில் வரும் வாடகை



எம் மாமனார் தம் இறுதிக் காலத்தில், தருமபுரி நகரிலுள்ள சிறு கடையொன்றை எம் மகளுக்கு ஹிபாவாக எழுதி வைத்தார்கள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. மாத வாடகை 6,000 ரூபாய். அதை நாம் வாங்கி வீட்டுச் செலவில் சேர்த்துக்கொண்டோம். “பிள்ளை பேரில் இருப்பதற்கு வரி ஏது?” என்று ஊரார் சொன்னதையும் நம்பினோம். மதரஸாவில் ஃபிக்ஹு நடத்தும் நாம் இதைப் பற்றி எவரிடமும் கேட்கவில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து, ஆசிரியையான எம் துணைவியாரின் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யச் சென்றபோதுதான் ஆடிட்டர் உண்மையைச் சொன்னார். பதினெட்டு வயது நிறையாத பிள்ளைக்கு வாடகையாகவோ வைப்புத்தொகையிலிருந்தோ வரும் வருமானம், தாய் தந்தையரில் எவருக்கு வருமானம் அதிகமோ அவருடைய கணக்கில் சேர்ந்துவிடும். 1992ஆம் ஆண்டு நிதிச் சட்டம், 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 64(1அ) என்று சேர்த்த விதி இது. சொத்தைத் தந்தவர் பாட்டனாராயினும் விதி ஒன்றே. எம் வீட்டில் கூடுதல் சம்பளம் துணைவியாருக்கு. ஆகவே சுமை அவர் மீது விழுந்தது. ஆண்டு வாடகை 72,000 ரூபாயில் 30 விழுக்காடு கழிந்து 50,400 ரூபாய் அவருடைய கணக்கில் ஏறியது. பழைய வரித் திட்டத்தில் பிள்ளை ஒன்றுக்கு 1,500 ரூபாய் மட்டுமே விலக்கு.

பிள்ளை தன் உழைப்பாலோ திறமையாலோ ஈட்டியது இவ்வாறு சேராது. தாய் தந்தை இருவரையும் இழந்த எத்தீமின் வருமானமும் காப்பாளரின் கணக்கில் சேராது. செல்வர்கள் வரிக்கு அஞ்சிப் பொருளைப் பிள்ளைகளின் பெயரில் பிரித்து வைப்பதைத் தடுப்பதே விதியின் நோக்கம். அமெரிக்காவிலும் 1986 முதல் இத்தகைய சட்டம் உண்டு. தம் செலவில் பாதிக்கு மேல் தாமே ஈட்டாத முழுநேர மாணவரை அது 24 வயது வரை தொடர்கிறது.

விடுபட்டதைத் திருத்திக் கூடுதல் வரியைச் செலுத்தினோம். ஆனால் வீடு திரும்பும் வழியில் நஃப்ஸு வேறொன்று சொன்னது: ‘சட்டமே இதைப் பெற்றோர் வருமானம் என்கிறது, பின்னர் நாம் செலவழித்ததில் பிழையென்ன?’ பிள்ளையும் அவன் பொருளும் தந்தைக்கே என்ற கருத்திலமைந்த நபிமொழியும் நினைவுக்கு வந்தது, எமக்கு வசதியாக.

அன்றிரவு ஃபராயிழ் பாடத்தைப் புரட்டினோம். பிள்ளை இறந்தால் அதன் சொத்தில் பெற்றோருக்குக் குறிப்பிட்ட பங்கை அந்நிஸா அத்தியாயத்தின் 11ஆம் வசனம் வகுக்கிறது. பிள்ளையின் பொருள் முழுவதும் தந்தையுடையதாயின் அங்கே பங்கு எதற்கு? வறிய தந்தை தேவைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பர் இமாம்கள். நாம் வறியவராயிருக்கவில்லை. வரிக்கு அது பெற்றோர் கணக்கு. உரிமைக்கு அது பிள்ளையின் கணக்கு. இவ்விரண்டையும் குழப்பியது நாமே.

ஒரு நோட்டில் முதல் வரியாக, “தந்தை தர வேண்டியது 2,88,000” என்று எழுதினோம். அம்மாதம் முதல் வாடகை 6,000 ரூபாயோடு எம் பங்காக 4,800 ரூபாயும் அவளுடைய வங்கிக் கணக்கில் செலுத்தினோம். வங்கி சேர்த்த வட்டியை வரிக் கணக்கில் காட்டி, நன்மையை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டோம்.

சென்ற ஆண்டு அவளுக்குப் பதினெட்டு வயது நிறைந்தது. இனி வரும் வாடகைக்கு வரிக் கணக்கும் அவள் பெயரிலேயே. எத்தீம்களின் பொருளை ஒப்படைக்கும்போது சாட்சிகளை வைக்குமாறு அந்நிஸா 6ஆம் வசனம் கட்டளையிடுகிறது. தந்தைக்கும் அம்முறை நலமென்று கருதி, அவளுடைய தாய்மாமனையும் அண்டை வீட்டுப் பெரியவரையும் அமர்த்தி நோட்டைக் கொடுத்தோம். முதல் வரியைக் கண்டவள், “அத்தா, இது எனக்குத் தெரியாதே!” என்றாள்.

பிள்ளைகளுக்குத் தெரியாத கணக்கையும் அறிந்தவன் அல்லாஹ். நம் இல்லங்களில் உள்ள அமானத்துகளை உரியவரிடம் சேர்க்கும் தவ்ஃபீக்கை அவன் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.