மிச்சம்

சமையலைப் பற்றி எழுத வரும் நம் எழுத்தாளர்கள் பெரும்பாலும் அம்மாவின் கைமணத்தில் ஆரம்பித்து அங்கேயே முடித்துவிடுகிறார்கள். பண்டம் எந்த நேரத்தில் ஆயிற்று, யார் முதலில் சாப்பிட்டார்கள், கடைசியில் பாத்திரத்தைச் சுரண்டியது யார் என்ற கேள்விகள் எழுவதேயில்லை. மரபு என்ற சொல்லைக் கவிதை விஷயத்தில் உபயோகிக்கும்போதும் நாம் செய்வது இதைத்தான். மணத்தைச் சொல்லி அடுப்பங்கரையை விட்டுவிடுகிறோம்.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு வங்கிக் கிளையில் நான் குமாஸ்தா. மனைவிக்கு ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. இருங்காட்டுக்கோட்டையில் 1998ல் ஹ்யுண்டாய் கார் செய்ய ஆரம்பித்தது. ஒரகடத்தில் ரெனோ-நிஸான் 2010ல். ஏரியும் வயலுமாக இருந்த இந்தப் பக்கத்தில் நேரத்தின் அமைப்பே மாறிவிட்டது. காலை, மதியம், இரவு என்று இருந்தவை முதல் ஷிஃப்ட், இரண்டாவது ஷிஃப்ட், மூன்றாவது ஷிஃப்ட் ஆகிவிட்டன. வீட்டில் அம்மா, மனைவி, பெண், நான் என நான்கு பேர். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது மாதத்தில் இரண்டு மூன்று வேளைதான்.

வங்கிக்கு விடுமுறையான இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் நான் காஞ்சிபுரம் கோவில் இட்லி செய்கிறேன். பச்சரிசி, புழுங்கலரிசி, உளுந்து மூன்றும் சம அளவு. வெள்ளிக்கிழமை மாலை ஊறவைத்து, ரவைப் பதத்துக்கு அரைத்து, உப்புப் போட்டு இரவெல்லாம் புளிக்கவிட வேண்டும். விடியற்காலையில் உடைத்த மிளகு, சீரகம், சுக்குப்பொடி, பெருங்காயம், கறிவேப்பிலை, கொஞ்சம் தயிர், சூடாக்கிய நெய். வரதராஜப் பெருமாள் கோவில் மடைப்பள்ளியில் மந்தாரை இலை பரப்பிய நீண்ட மூங்கில் குடலையில் மாவை ஊற்றி ஆவியில் வேகவைக்கிறார்கள். என்னுடையது சின்னக் குடலை; ஒன்றரை மணி நேரம் ஆகும். ஈர்க்குச்சியைக் குத்தி எடுத்தால் மாவு ஒட்டக்கூடாது. டம்ளரில் ஊற்றினால் சீக்கிரம் வெந்துவிடும். இலை மணம் ஏறாது.

இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் பக்தி இல்லை. இது ஆறினாலும் கெடுவதில்லை. மறுநாளும் துண்டுபோட்டுச் சாப்பிடலாம். பிலிப்பைன்ஸில் டிசம்பர் 16 முதல் 24 வரை விடியற்காலைப் பூசை முடிந்து வருகிறவர்களுக்கு மாதா கோவில் வாசலில் புத்தோ பும்போங் விற்கிறார்கள். அதுவும் அரிசிமாவை மூங்கில் குழாயில் ஆவியில் வேகவைப்பது. மேலே தேங்காய்த் துருவலும் சர்க்கரையும். புத்தோ என்ற பெயரை நம் புட்டோடு சேர்த்துப் பேசுகிறவர்கள் உண்டு. ஆனால் அது சூட்டோடு அங்கேயே தின்று தீர்ப்பது. கோவில் இட்லி காத்திருக்கும்.

காத்திருக்கும் பண்டம் என்றால் மிச்சம் என்று ஒன்று வந்துவிடுகிறது. இந்த ஊரில் பிறந்த ராமாநுஜரைப் பற்றிக் குருபரம்பரை ஒரு கதை சொல்கிறது. காஞ்சியில் இருந்த நாளில் அவர் திருக்கச்சி நம்பியைச் சாப்பிட அழைக்கிறார். நம்பி பிராமணரல்லர். அவர் சாப்பிட்ட மிச்சத்தைத் தான் சாப்பிட வேண்டும் என்பது ராமாநுஜரின் ஆசை. அழைத்துவர இவர் ஒரு வீதி வழியே போக, நம்பி வேறு வீதி வழியே வந்து சாப்பிட்டுவிட்டுக் கோவில் காரியத்துக்குப் போய்விடுகிறார். மனைவி தஞ்சமாம்பாள் இலையை அப்புறப்படுத்தி, இடத்தை மெழுகி, குளித்துவிட்டு, கணவனுக்குப் புதிதாகச் சமைக்கிறாள். திரும்பி வந்தவருக்கு மிச்சம் இல்லை. கதை சொல்கிறவர்கள் இதில் அவளுடைய அறியாமையைப் பார்க்கிறார்கள். எனக்குப் படுவது வேறு. அன்று இரண்டு முறை சமைத்தவள் அவள். அவள் எப்போது சாப்பிட்டாள் என்று யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

என் அம்மா முப்பது வருஷம் அப்பா எழுந்த இலையில் சாப்பிட்டவள். மூன்றாவது ஷிஃப்ட் வாரங்களில் மனைவி காலை ஏழு மணிக்கு வந்து முதல் துண்டை வெட்டிச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போவாள். பிறகு பெண். கடைசியில் நான். "ஏம்பா, அவ சாப்ட்டு வச்சதயா நீ சாப்புடுவ?" என்று அம்மா ஒரு முறைதான் கேட்டாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. எனக்கு முன்னால் சாப்பிட மறுத்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்குச் சர்க்கரை, மாத்திரை போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் இருக்கக்கூடாது. நான் கடைசியில் சாப்பிட்டால் அவள் பட்டினி நீள்கிறது. முதலில் சாப்பிட்டால் அவள் கட்சி ஜெயிக்கிறது. கொள்கைக்காக வயதானவளைப் பட்டினி போடுவது என்ன நவீனம் என்று யாரும் கேட்கலாம்.

விவாதத்தில் இதற்கு வழி கிடைக்கவில்லை. குடலைக்குப் பக்கத்தில் ஒரு டம்ளரில் கொஞ்சம் மாவை ஊற்றி வைத்தேன். அது முதலில் வெந்தது. "உப்புப் பார்த்துச் சொல்லும்மா" என்றேன்.

"சாமி பண்டத்த ருசி பாக்கக் கூடாது" என்றாள்.

"இது சாமிக்கில்ல, நமக்கு."

உப்புப் பார்ப்பது சாப்பிடுவதாகாது. அவள் டம்ளரைக் கவிழ்த்து, சிறிது சிறிதாகப் பிட்டு, முழுவதையும் உப்புப் பார்த்தாள். இப்போது இரண்டு டம்ளர் வைக்கிறேன். இரண்டாவது, சுக்கு போதுமா என்று பார்க்க.