விளக்கு வழி

திங்கள், இரவு

அடுத்த படிக்கு வேண்டிய போரானிக் அமிலத்தை எப்படிச் செய்வது என்று சாயங்காலம் முழுக்க வாக்குவாதம். பழைய வழி என்றால் உலர்பனியும் அசிட்டோனும் கலந்த மைனஸ் 78 டிகிரித் தொட்டி, சொட்டுச் சொட்டாக பியூட்டைல்லித்தியம். மூலக்கூறில் எஸ்டர் இருந்தால் அதையும் சேர்த்துக் கடித்துவிடும். மியாவுரா குழு 1995-இல் காட்டிய பல்லேடிய வழி சாது. ஆனால் நாங்கள் செய்வது மருந்துக்கு. வாய்வழி மருந்தில் நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராம் பல்லேடியம்தான், மருந்துகளுக்கான சர்வதேச நெறிமுறை அமைப்பான ஐசிஹெச் வகுத்த உச்சவரம்பு. உலோகத்தைப் போடுவது ஒரு நிமிட வேலை, போக்குவதுதான் பாடு. கடைசியில் விளக்கு வழி என்று முடிவாயிற்று.

செவ்வாய்

விளக்கு வழி என்பது 2016-இல் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் லாரியோனோவ் குழு வெளியிட்ட முறை. ஆரைல் ஹேலைடு, டெட்ராஹைட்ராக்ஸிடைபோரான், மெத்தனால், 254 நானோமீட்டர் புற ஊதா ஒளி. வினையூக்கி கிடையாது. நேரே போரானிக் அமிலமே கிடைக்கும். அந்த ஒளிக்கு மோலுக்கு 471 கிலோஜூல் ஆற்றல். அயோடோபென்சீனில் கார்பன்–அயோடின் பிணைப்பை அறுக்க ஏறக்குறைய 270 போதும்.

சாதாரண போரோசிலிகேட் கண்ணாடி இந்த ஒளியை விழுங்கிவிடும் (அதிலும் போரான்தான்!). குவார்ட்ஸ் குழாய் வேண்டும். அதைக் கழுவ மட்டும் சீனியர் அக்கா யாரையும் விடுவதில்லை. பிரஷ் கீறினால் தொலைந்தோம்.

புதன்

சிலிக்கா தகட்டில் போரானிக் அமிலம் எப்போதும் வால் நீட்டிக்கொண்டு வரும், எது எதுவென்று தெரியாது. அக்கா தகட்டைக் குர்குமின் கரைசலில் முக்கி உலர்த்தினார். வால் மட்டும் செம்மஞ்சளாக எழும்பிற்று. மஞ்சள் கிழங்கின் நிறமி போரானைப் பிடித்துக் காட்டிவிடுகிறது. மேலே இன்னொரு புள்ளி; புற ஊதாவில் தெரிகிறது, குர்குமினுக்கு மசியவில்லை. போரானைச் சேர வேண்டிய ஆரைல் தனியுறுப்பு மெத்தனாலிடம் ஹைட்ரஜனைப் பறித்துக்கொண்டு போயிருக்கிறது. எவ்வளவு நஷ்டம் என்று நாளை தெரியும்.

வியாழன்

நஷ்டம் கொஞ்சம்தான். வாக்குவாதம் மட்டும் ஓயவில்லை. உலோகமில்லா முறை என்று பெருமை பேசுகிறீர்களே, விளக்குக்குள் இருப்பது பாதரசம்தானே என்றான் தம்பி ஒருவன். சரிதான். இன்னும் சொல்லப்போனால், டைபோரான் சேர்மத்தின் மூலப்பொருளைச் செய்யக் கொதிக்கும் டொலுயீனில் உருகிய சோடியம் போடுகிறார்கள். உலோகம் ஒழியவில்லை, இடம் மாறியிருக்கிறது. அந்த இடமாற்றமே போதும் என்பது என் கட்சி: பாதரசம் விளக்குக்குள் அடைபட்டது, சோடியம் எங்கள் குடுவைக்கு வருமுன்பே கழிந்தது. மருந்தைத் தொடுவது எது என்பதே கேள்வி.

பாதரச விளக்கையும் ஒழிக்க வழி இருக்கிறது. பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் ஜியாவ் லெய் குழு 2019-இல் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே ஆரைல் குளோரைடுகளை மாற்றியது. நீல ஒளிக்குக் கார்பன்–குளோரின் பிணைப்பை நேரே அறுக்கத் தெம்பு போதாது. பிரிடின் வகைக் கரிம வினையூக்கி இடையில் நின்று எலக்ட்ரானை ஊட்டுகிறது. குளோரைடு அயோடைடைவிட மலிவு, அலமாரியிலும் நிறைய இருக்கிறது. நீல எல்இடிக்குக் கொள்முதல் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன்.